இடைகழியில் நின்றவர்கள்

1

திருக்கோவலூர்க் கதையைப் பக்தி இலக்கியத் தாளை நடத்தும்போதெல்லாம் சொல்லுவேன். மழை இரவு. ஒரு முனிவரின் இருப்பிடத்து இடைகழி. முதலில் பொய்கையாழ்வார் வந்து படுத்துக்கொள்கிறார். பிறகு பூதத்தாழ்வார் கதவைத் தட்டுகிறார். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம் என்று பொய்கையார் எழுந்து இடம் கொடுக்கிறார். அடுத்து பேயாழ்வார் வருகிறார். இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்று மூவரும் நிற்கிறார்கள். அந்த நெருக்கத்தில் நான்காவதாக ஒருவர் நெருக்குவதை உணர்கிறார்கள். அவர் திருமால். அந்த இரவில்தான் முதல் மூன்று திருவந்தாதிகள் பிறந்தன என்பது வைணவ மரபு.

இடப்பற்றாக்குறையை இவ்வளவு அழகாகச் சொன்ன கதை தமிழில் வேறு இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "மேடம், அந்த வீட்டுக்குள்ள யாரு இருந்தாங்க?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் கேள்வி போகவில்லை. இடைகழி என்பது வீடல்ல. வாசலுக்கும் முற்றத்துக்கும் நடுவிலுள்ள வழி. வழி இருந்தால் அது எங்கோ போய்ச் சேரவேண்டும். உள்ளே ஓர் அடுப்பு இருந்திருக்கவேண்டும். அடுப்பருகே ஒருத்தி இருந்திருக்கவும் கூடும். மழையில் வந்த மூன்று பேர் வாசலில் நிற்கிறார்கள் என்று தெரிந்தால் அவள் தூங்கியிருப்பாளா? கதைக்கு அவள் தேவைப்படவில்லை.

நின்றபடி ஓர் இரவைக் கழிப்பது மூன்று ஆண்களுக்கு நேர்ந்தால் அது இறையனுபவம் ஆகிறது. அதே காரியத்தை என் அம்மா ஆண்டுதோறும் சித்திரை மாதத்தில் செய்தார். அதற்கு எங்கள் குடும்பத்தில் பெயரே கிடையாது.

2

விருந்து என்ற சொல்லுக்குத் தமிழில் முதற்பொருள் புதுமை. தொல்காப்பியம் நூலின் வனப்புகளில் ஒன்றாக விருந்தைச் சொல்லும்போது அதைப் புதிதாகப் புனைவது என்ற பொருளில்தான் ஆள்கிறது. வீட்டுக்கு வரும் புதியவரும் விருந்து. அவருக்குப் படைக்கும் சோறும் பின்னாளில் விருந்து ஆயிற்று. புதிதாக வருவது ஒன்று உண்டு என்றால், பழையதாக ஏற்கெனவே அங்கே இருப்பது ஒன்றும் உண்டு. அதைத்தான் நாம் வீடு என்கிறோம். அந்தப் பழையதில் பெண்ணும் அடக்கம்.

தொல்காப்பியக் கற்பியல் மனைவியின் சிறப்புகளை அடுக்கும்போது கற்பு, பொறை, நிறை ஆகியவற்றோடு விருந்தினரைப் பேணுவதையும் சேர்க்கிறது. அதே நூல் தலைவிக்கும் தலைவனுக்கும் இடையே தூது செல்லும் வாயில்கள் பன்னிருவரின் பட்டியலில் விருந்தினரையும் வைக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒன்று விளங்கும். பரத்தையிடம் போய்வந்த கணவன் வாசலில் நிற்கிறான். மனைவி கோபத்தில் இருக்கிறாள். அவன் தனியாக நுழைய முடியாது. ஒரு விருந்தினரைக் கூட்டிக்கொண்டு வந்தால் நுழைந்துவிடலாம். விருந்தினர் முன் அவள் சண்டை போடமாட்டாள். போட்டால் அவளுடைய மனைமாட்சி போய்விடும்.

நற்றிணை 120ஆம் பாட்டு இதன் முழுக்காட்சி. மாங்குடி கிழார் பாடியது. மனைவி வாளைமீனைத் துண்டு போடுகிறாள். மோதிரம் அணிந்த விரல் சிவந்திருக்கிறது. புகையில் கண் கலங்கியிருக்கிறது. நெற்றி வியர்வையைச் சேலைத் தலைப்பால் ஒற்றிக்கொள்கிறாள். பார்த்துக்கொண்டு நிற்கும் கணவன், இன்னும் விருந்து வரவேண்டும் என்று ஆசைப்படுகிறான். அவளுக்கு உதவி கிடைக்கும் என்பதற்காக அல்ல. விருந்து வந்தால் அவள் ஊடமாட்டாள், சிரித்த முகத்தைப் பார்க்கலாம் என்பதற்காக. மாணவர்களுக்கு இதை நாங்கள் 'இல்லற இன்பம்' என்று சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறோம். ஒரு பெண்ணின் கோபத்தை அடைக்க விருந்தினரைக் கதவாக நிறுத்துகிறான் ஒருவன் என்று படிப்பதற்கும் அந்தப் பாட்டில் எல்லாச் சான்றும் இருக்கிறது.

திருக்குறளின் ஒன்பதாம் அதிகாரம் விருந்தோம்பல். பத்துக் குறள்களிலும் செய்பவரைக் குறிக்கும் சொற்களை மட்டும் ஒரு முறை எண்ணிப் பாருங்கள். ஓம்புவான், மிசைவான், பார்த்திருப்பான். எல்லாம் ஆண்பால். அந்த அதிகாரத்தில் பெண்பாற்பெயராக வருபவள் ஒருத்திதான்: செய்யாள், அதாவது திருமகள். அவளும் விருந்தோம்புகிறவனின் வீட்டில் மனமகிழ்ந்து குடியிருக்கிறாளே தவிர, அடுப்பருகில் காணப்படுவதில்லை. ஆண்பாற்சொல் இருபாலுக்கும் பொது என்று இலக்கண ஆசிரியர் சொல்வார். அப்படியானால் விருந்தினர் உண்டபின் மிச்சத்தை உண்பவன் என்று குறள் சொல்கிறதே, நடைமுறையில் அந்த மிச்சத்தை உண்டவர் யார்? உங்கள் வீட்டில் யார்?

3

பெரிய வீட்டின் விருந்தோம்பலைப் பற்றி எழுதுவது எளிது. பத்தாயம் நிறைய நெல், பின்கட்டில் வேலையாட்கள், பந்தி பந்தியாக இலை. சிறிய வீட்டின் விருந்தோம்பலில்தான் எது எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். ஏனெனில் அங்கே எடுப்பதற்கு அதிகம் இல்லை.

புறநானூறு 333இல் ஒரு சிற்றூர் வீடு. விருந்து வந்துவிட்டது. தானியம் தீர்ந்துபோயிற்று. அவள் முதலில் குறியெதிர்ப்பை தேடுகிறாள். அதாவது அளந்து வாங்கி அதே அளவில் திருப்பித்தரும் கைமாற்று. அது கிடைக்கவில்லை. அக்கம்பக்கத்து வீடுகளிலும் இல்லை. விதைக்காகக் கதிரோடு காயவைத்திருந்த தினையை எடுத்து உரலில் போட்டுக் குத்துகிறாள். அடுத்த பருவத்தை இன்றைக்குச் சமைக்கிறாள்.

இதே காட்சி பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு பெரியபுராணத்தில் திரும்பி வருகிறது. இளையான்குடி மாறனார் வறுமையில் இருக்கிறார். மழை இரவில் சிவனடியார் வேடத்தில் இறைவன் வருகிறார். வீட்டில் ஒன்றுமில்லை. பகலில் விதைத்த நெல்முளையை வாரிக்கொண்டு வந்தால் சமைக்கலாம் என்று யோசனை சொல்பவர் மனைவி. இருட்டில் போய் அவர் வாரிவருகிறார். விறகு இல்லை. கூரையின் கொம்புகளை அறுத்துத் தருகிறார். அந்த அம்மையார் நெல்லை வறுத்துக் குத்தி அரிசியாக்கிச் சோறு சமைக்கிறார். தோட்டத்தில் பறித்த கீரையையே வகைவகையான கறியாகப் பண்ணுகிறார். யோசனை அவருடையது, கைவேலை அவருடையது. நாயனார் என்ற பெயர் மட்டும் கணவருடையது. அறுபத்துமூவர் பட்டியலில் அவர் இருக்கிறார். அம்மையாரின் பெயரைச் சேக்கிழார் சொல்லவில்லை.

விருந்தோம்பி மிச்சத்தை உண்பவனின் நிலத்தில் விதையும் இடவேண்டுமோ என்று குறள் கேட்கிறது. தானாக விளையும் என்பது உரையாசிரியர் விளக்கம். விதைத் தினையைக் குத்தியவளும் விதைநெல்லைச் சமைத்தவளும் அந்தக் குறளின் நேர்ப்பொருளில் வாழ்ந்திருக்கிறார்கள். அவர்கள் நிலத்தில் விதையே இல்லை.

மூன்றாவதாக ஒரு கதவைப் பார்க்கவேண்டும். சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் காட்டும் வீடு. கூரைக்கொம்புகள் சரிந்துவிட்டன. சுவரில் காளான் முளைத்திருக்கிறது. குட்டி போட்ட நாய்க்குப் பால் இல்லை. அந்த வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி உப்பில்லாமல் வேகவைக்கிறாள். பரிசுக்கு முன்னான வறுமையைக் காட்டுவதற்காகக் கவிஞர் இதைச் சொல்கிறார். ஆனால் நடுவில் அவள் ஒரு காரியம் செய்கிறாள். புறம்பேசும் பெண்கள் பார்த்துவிடுவார்களோ என்று நாணித் தலைவாசலை அடைத்துவிடுகிறாள். அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு சேர்ந்து உண்கிறாள்.

சின்ன வீட்டுப் பெண்ணுக்கு வாசல் எப்போதும் இரண்டு வேலை செய்கிறது. விருந்துக்குத் திறக்கவேண்டும். வறுமைக்கு அடைக்கவேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் வரும் நாளில் அவள் என்ன செய்வாள் என்பது சிறிய வீடுகளின் வரலாற்றில் மையமான கேள்வி.

4

இந்த வரிசையில் வேறு மாதிரி நடந்துகொண்டவள் என்று எனக்குத் தோன்றுபவள் மாதரி.

சிலப்பதிகாரத்தில் மதுரையின் புறஞ்சேரியில் கவுந்தியடிகள், கோவலனையும் கண்ணகியையும் இடையர்குலப் பெண்ணான மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். வழிப்போக்கர்கள். முன்பின் தெரியாதவர்கள். வணிகர் குலத்தவர்கள். தன் வீட்டு நெருக்கத்தில் அவர்களை மாதரி திணிக்கவில்லை. கோவலர் குடியிருப்பிலிருந்து தள்ளி, செம்மண் பூசிய, காவல் உடைய ஒரு சிறிய வீட்டை அவர்களுக்குத் தருகிறாள். கண்ணகியை நீராட்டுகிறாள். கோவலன் நோன்பு காப்பவன் என்பதால், கண்ணகியே சமைத்துக்கொள்ளட்டும் என்று புதிய கலங்களும் அரிசியும் காய்களும் பாலும் நெய்யும் கொடுத்தனுப்பச் சொல்கிறாள். தன் மகள் ஐயையைக் கண்ணகிக்கு நாத்தூண் நங்கை ஆக்குகிறாள். நாத்தனார் என்று நாம் சொல்கிற உறவு. அடுப்பை மூட்டிக்கொடுத்தவள் ஐயை.

விருந்தினருக்கு என்ன வேண்டும் என்பதை மாதரி பட்டியல் போட்டதுபோல் இருக்கிறது. தனியிடம். தண்ணீர். தன் நோன்பைத் தான் காக்கும் உரிமை. கூட ஒரு பெண். சோற்றைவிட இவை அதிகம். விருந்தோம்பல் பற்றிப் பேசுகிற நம் பாடநூல்கள் கண்ணகியைத்தான் மேற்கோள் காட்டும். கணவன் பிரிந்திருந்த காலத்தில் விருந்தினரை எதிர்கொள்ளும் பேற்றை இழந்தேன் என்று அவள் கோவலனிடம் சொல்கிறாள் அல்லவா, அந்த இடத்தை. கணவன் இல்லாத வீட்டில் பெண் தானாக விருந்தோம்ப முடியாது என்ற சட்டம் அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கிறது. அவள் அதைச் சொல்லும் இடம் எது? கணவனைப் பற்றிய பேச்சே இல்லாமல் காப்பியத்துக்குள் வருகிற மாதரி தந்த சிறிய வீடு. விருந்தோம்பலை இழந்ததாக ஒருத்தி வருந்துகிறாள். அவளுக்கு விருந்தோம்பிக்கொண்டிருப்பவள் பக்கத்தில்தான் இருக்கிறாள்.

அடைக்கலமாக வந்தவர்களைக் காக்க முடியாமற்போனதற்காக மாதரி தீப்புகுந்தாள் என்று பின்னர் நீர்ப்படைக் காதையில் ஒரு செய்தியாக வருகிறது. கண்ணகிக்குக் கோயில் எழும்பியது. மதுரைக்கு வடக்கே கடச்சனேந்தல் பக்கம் போனால், அவர்கள் தங்கிய இடம் இதுதான் என்று ஊர்ப்பேச்சு ஒன்று உண்டு. மாதரிக்கு மிஞ்சியது ஏறத்தாழ அவ்வளவுதான்.

5

இலங்கை மலையகத்தின் லயங்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது என்னை நிறுத்தியது ஓர் அளவு. ஒரு காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. முன்னால் ஒரு சிறிய இஸ்தோப்பு. வரிசையாக ஒரே கூரைக்கடியில் பல குடும்பங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களுக்காகவும், 1867க்குப் பிறகு தேயிலைக்காகவும், தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் அழைத்துப்போனவர்களுக்கு வெள்ளைத் துரைமார் கட்டித்தந்த இருப்பிடம். உழைப்பவர் இரவில் உடம்பைக் கிடத்துவதற்கு எவ்வளவு இடம் போதும் என்று கணக்குப் போட்டுக் கட்டியது. அந்தக் கணக்கில் விருந்தாளி இல்லை. விருந்தாளி வரக்கூடிய மனிதர்களாகவே அவர்கள் கணக்கில் எடுக்கப்படவில்லை.

ஆனாலும் விருந்து வந்தது. ஊரிலிருந்து புதிதாக வந்த தம்பி, பக்கத்துத் தோட்டத்தில் கட்டிக்கொடுத்த மகள், பிள்ளைப்பேற்றுக்கு உதவ வந்த அம்மா. லயத்துப் பெண் விடிகாலையில் எழுந்து சமைத்துவிட்டுப் பிரட்டுக்குப் போகவேண்டும். கொழுந்து பறிக்கப் போகாவிட்டால் அன்றைக்குப் பெயர் விழாது. பெயர் விழாவிட்டால் கூலி இல்லை. வீட்டில் விருந்து இருக்கிறது என்பதற்காக மலை காத்திருக்காது. திரும்பி வந்து மறுபடி சமைப்பாள். ஆண்கள் இஸ்தோப்பில் சாக்கை விரித்துப் படுப்பார்கள். உள்ளே பெண்களும் பிள்ளைகளும். அடுப்புப் புகை போக வழியில்லாத அறை.

தோட்டம் தனியார் சொத்து. வெளியார் அனுமதியின்றி நுழைவதை அத்துமீறலாக நடத்த நிர்வாகத்தால் முடிந்தது. தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் துணி வியாபாரியைப் போல வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் போனார் என்பது மலையக வரலாற்றில் பிரபலமான செய்தி. அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை தொழிலாளர் கூட்டங்களில் பாட்டுப் பாடியே அரசியல் பேசியவர். விருந்தாளி வருவதற்கு வேடம் போடவேண்டிய இடத்தில், ஒருவரை உள்ளே அழைத்து ஒரு கோப்பைச் சாயத்தண்ணி கொடுப்பதும் எதிர்ப்புதான். அந்தக் கோப்பையைக் கொடுத்த கை பெரும்பாலும் யாருடையது என்று நாம் கேட்டாகவேண்டும்.

1948இல் குடியுரிமைச் சட்டம் இந்த மக்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பிரித்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் உழைத்த நாட்டில் அவர்களையே விருந்தாளிகள் என்று அரசுகள் அறிவித்தன. வீட்டுக்கு விருந்தாளியை அழைக்க இடமில்லாதவர்களை, நாட்டுக்கு விருந்தாளி ஆக்கிய விந்தை அது.

6

பத்துக்குப் பன்னிரண்டு. மதுரையில் நான் வளர்ந்த காம்பவுண்டு வீட்டின் அளவும் அதுதான். ஒரு வாசல், நடுவில் நீண்ட முற்றம், இரண்டு பக்கமும் நான்கு நான்காக எட்டு வீடுகள், ஒரு குழாய், இரண்டு கக்கூஸ். அப்பா அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர். அம்மா வீட்டிலிருந்தபடி அப்பளம் போட்டுக்கொடுப்பார். நாங்கள் மூன்று பிள்ளைகள்.

1980களின் இறுதி. சித்திரைத் திருவிழா வந்தால் அப்பா ஊர்ச்சனம் வந்துவிடும். திருமலை நாயக்கர் காலத்தில் மீனாட்சி கல்யாணத்தையும் அழகர் ஆற்றில் இறங்குவதையும் ஒன்றாக இணைத்தார்கள் என்பார்கள். அதனால் விருந்தும் ஒன்றாக இணைந்துபோனது. தேரோட்டத்துக்கு வந்தவர்கள் எதிர்சேவை பார்த்து, ஆற்றில் இறங்குவது பார்த்து, நாலைந்து நாள் கழித்துத்தான் போவார்கள். அப்பத்தா, இரண்டு அத்தைமார், அவர்களின் வீட்டுக்காரர்கள், பிள்ளைகள் என்று பத்துப் பேருக்குக் குறையாது. அப்பா வாசலில் நின்று, "வாங்க வாங்க, எடம் கெடக்கு" என்பார். அம்மா அப்போதே கொடியில் கிடந்த துணியை உருவ ஆரம்பித்திருப்பார்.

இடம் எப்படிக் கிடந்தது என்று இப்போது எழுதிப் பார்க்கிறேன். டிரங்குப் பெட்டிகள் பரணுக்குப் போகும். பாத்திரங்கள் அடுப்படி மூலையில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கப்படும். பழைய சேலை ஒன்று குறுக்கே கட்டப்பட்டுத் திரையாகும். அதற்குப் பின்னால்தான் பெண்கள் உடைமாற்றவேண்டும். ஆண்கள் மொட்டைமாடிக்குப் போவார்கள். பிள்ளைகள் முற்றத்தில். மூன்றாம் வீட்டு அக்கா நாலு பாயும் ஓர் இட்லிக் கொப்பரையும் கொடுப்பார். ஆறாம் வீட்டிலிருந்து தலையணைகள் வரும். அரிசி தீர்ந்தால் உழக்கில் அளந்து கைமாற்று வாங்கி வருவது என் வேலை. குறியெதிர்ப்பை என்ற சொல்லைப் பல ஆண்டுகள் கழித்துப் புறநானூற்றில் பார்த்தபோது கையில் அந்த உழக்கின் கனம் வந்தது.

எட்டு வீட்டுப் பெண்களும் சேர்ந்துதான் எங்கள் வீட்டு விருந்தை நடத்தினார்கள். அப்பாவுக்குத் 'தாராள மனசுக்காரர்' என்று ஊரில் பெயர். அது பொய்யல்ல. ஆனால் அந்தத் தாராளம் எட்டு அடுப்புகளிலிருந்து வந்தது.

இதை நான் அழகாக்கவும் விரும்பவில்லை. மூன்றாம் வீட்டு அக்காவின் பாய் எங்கள் வீட்டுக்கு வரலாம். அவர் சமைத்த குழம்பு வரக்கூடாது. அப்பத்தாவின் உத்தரவு. அவர்கள் வேறு சாதி. அம்மா அதை மீறவில்லை. அக்கா கொடுத்த கிண்ணத்தை வாங்கி, முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுபோய், பெரியவர்கள் உறங்கியபின் எங்களுக்கு ஊட்டினார். மீறாமல் மீறினார் என்று சொல்லலாம். அக்காவுக்கு அது தெரியும். தெரிந்தும் அடுத்த ஆண்டும் பாய் கொடுத்தார். பெண்களுக்கிடையிலான கைமாற்றில் திருப்பிக் கொடுக்கப்படாமல் போன கணக்கு ஒன்று இப்படியும் இருக்கிறது. அதை என் தலைமுறைதான் தீர்க்கவேண்டும்.

எனக்குப் பதின்மூன்று வயதான சித்திரையில், விருந்து வந்திருந்த மூன்றாம் நாள் இரவு, வயிற்றுவலியில் விழித்தேன். துணி வேண்டும். பெட்டி பரணில் இருக்கிறது. காலடியில் அத்தைகள். அம்மாவைத் தேடினேன். எல்லோரும் படுத்திருக்க, அம்மா மட்டும் அடுப்படி மூலையில் ஆட்டுரலுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார். உட்கார்ந்தால் கால் பெரிய அத்தையின் தலையில் படும். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தார். தன் பழைய சேலையின் தலைப்பைச் சத்தம் வராமல் கிழித்துத் தந்தார். கக்கூசுக்குத் துணைக்கு வந்து வாசலில் நின்றார். "ஏம்மா தூங்கல?" என்றேன். "விடிஞ்சா தண்ணி வந்துரும்ல" என்றார்.

அம்மா அந்த நாட்களில் தண்ணீர் குடிப்பதில்லை என்பது எனக்கு முப்பது வயதில்தான் தெரிந்தது. இரண்டு கக்கூஸ், எட்டு வீடு, அதன்மேல் விருந்தாளிகள். ஆண்களின் கண்முன் வரிசையில் நிற்கக் கூச்சம். அதனால் காலையில் ஒரு வாய், இரவில் ஒரு வாய். சிறுநீர்த் தொற்று அவருக்கு ஆண்டுக்கணக்கில் இருந்தது. மருத்துவர், "தண்ணி நல்லாக் குடிங்கம்மா" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். அம்மா தலையாட்டுவார். சிறிய வீட்டில் இடம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடை இதுதான். ஓர் உடம்பு சுருங்கியதால் வந்தது.

7

1929ஆம் ஆண்டு உலகின் இரு வேறு மூலைகளில் பெண்களுக்கு இடம் கேட்கப்பட்டது. வர்ஜீனியா வூல்ஃப், எழுதும் பெண்ணுக்குப் பணமும் பூட்டுள்ள ஓர் அறையும் வேண்டும் என்று நூல் வெளியிட்டார். செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்களுக்கு ஆண்களோடு சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தரும் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது 1989இல். இடையில் அறுபது ஆண்டுகள். அந்த அறுபது ஆண்டுகளும் பெண்கள் தங்களுக்குச் சொந்தமில்லாத வீடுகளில் விருந்தோம்பிக்கொண்டிருந்தார்கள். "நம்ம வீட்டுக்கு வாங்க" என்று ஒரு பெண் அழைக்கும்போது அந்த 'நம்ம' என்ற சொல்லின் சட்டநிலை என்ன என்று யாரும் கேட்டதில்லை.

அரசு கட்டும் வீடுகளிலும் கணக்கு மாறவில்லை. 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டது. அதற்கான சட்டம் 1971இல் வந்தது. அடுக்குமாடிகள் எழும்பின. நெருப்புக்கும் வெள்ளத்துக்கும் அஞ்சி வாழ்ந்தவர்களுக்குக் கான்கிரீட் கூரை பெரிய விஷயம். அதை மறுக்கமுடியாது. 2000ஆம் ஆண்டு முதல் சென்னையின் கூவம் கரையிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் அப்புறப்படுத்தப்பட்டவர்கள் தொலைவில் துரைப்பாக்கம் பக்கம் குடியேற்றப்பட்டார்கள். அங்கே முதலில் கட்டிய வீடுகள் 200 சதுர அடியை ஒட்டியவை. அந்தக் குடியிருப்புக்கு வைத்த பெயர் கண்ணகி நகர்.

விருந்தினரை எதிர்கொள்வதை இழந்தேன் என்று வருந்தியவளின் பெயரை, விருந்தாளி வந்தால் காலை நீட்ட முடியாத வீடுகளுக்கு வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து வரும் என் மாணவி ஒருத்தியிடம், வீட்டுக்கு உறவினர் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "நானும் அம்மாவும் எதிர் வீட்டுக்குப் போயிடுவோம் மேடம்" என்றாள். எதிர் வீட்டுக்கு விருந்து வந்தால்? "அவங்க இங்க வந்துடுவாங்க." பழைய சேரியில் ஒருவரையொருவர் தெரிந்திருந்த பத்துக் குடும்பங்களைக் குலுக்கல் முறையில் வெவ்வேறு கட்டடங்களுக்குப் பிரித்துப்போட்டால், ஒரு பெண்ணுக்கு முதலில் பறிபோவது இந்த எதிர் வீடு. அதை மறுபடி உருவாக்கப் பல ஆண்டுகள் ஆகும். எந்த மறுகுடியமர்த்தல் திட்டத்திலும் அதற்கு இழப்பீடு கிடையாது.

8

சிறிய வீட்டில் விருந்தாளியை வசதியாக வைத்துக்கொள்வது எப்படி என்று பத்திரிகைகளின் மகளிர் பக்கங்களில் குறிப்புகள் வருகின்றன. மடக்குக் கட்டில் வாங்குங்கள், சுவரில் தட்டு அடியுங்கள், வெளிர்நிறம் பூசுங்கள். நல்ல யோசனைகள்தான். நானும் ஒரு மடக்குக் கட்டில் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்தக் குறிப்புகள் எல்லாம் பெண்ணைப் பார்த்தே பேசுகின்றன. இடத்தை உண்டாக்குவது அவள் பொறுப்பு என்பதில் சங்ககாலம் முதல் மகளிர் பக்கம் வரை யாருக்கும் ஐயமில்லை.

நான் விருந்தோம்பலுக்கு எதிரி அல்ல. என் படிப்புக்கே இரண்டு ஆண்டுகள் ஒரு தோழியின் ஒற்றை அறை வீட்டில் தங்கியிருக்கிறேன். அவள் அம்மா ஒரு நாளும் முகம் திரிந்து பார்த்ததில்லை. நான் முனைவர் பட்டம் வாங்கியது அந்த அறையின் கொடை. அதனால்தான் இதைச் சொல்லவேண்டியிருக்கிறது. விருந்து வரும்போது கேட்கவேண்டியவை மாதரிக்குத் தெரிந்திருந்தன. வருகிறவளுக்குக் கதவு மூடிய ஓர் இடம் உண்டா, தண்ணீர் உண்டா, கூட ஒருத்தி உண்டா? அவற்றோடு நாம் ஒன்றைச் சேர்க்கவேண்டும். வீட்டில் ஏற்கெனவே இருக்கிறவளுக்கு அவை உண்டா? இல்லையென்றால், "எடம் கெடக்கு" என்று வாசலில் நின்று சொல்பவரே அன்றைக்கு ஆட்டுரல் பக்கம் நிற்கட்டும்.

அம்மாவுக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. போன சித்திரையில் என் வீட்டுக்கு வந்திருந்தார். இரண்டு படுக்கையறை உள்ள வாடகை வீடு. என் மாணவிகள் நான்கு பேர் ஆற்றில் அழகர் இறங்குவதைப் பார்க்க வந்து தங்கினார்கள். சமையலை நானும் என் இணையரும் பிள்ளைகளும் பங்குபோட்டுக்கொண்டோம். அம்மாவுக்குக் கட்டில் போட்டிருந்தேன். இரவு தண்ணீர் குடிக்க எழுந்தபோது கட்டில் காலியாக இருந்தது. அடுப்படி வாசலில் சேலைத் தலைப்பை விரித்துச் சுவரோரம் சுருண்டு படுத்திருந்தார்.

"என்னம்மா இது, எடம் இருக்குல்ல?" என்றேன்.

"பழக்கமாப் போச்சு. பிள்ளைக தாராளமாப் படுக்கட்டும்" என்றார்.

நான் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்தேன். எழுந்து உட்கார்ந்து, பக்கத்து அறையை ஒரு முறை பார்த்துக்கொண்டு, முழுவதையும் குடித்தார். பிறகு கேட்டார்: "கக்கூஸ்ல யாரும் இல்லையே?"

"யாரும் இல்லம்மா. போயிட்டு வாங்க. நான் நிக்கிறேன்" என்றேன்.